பானை விருந்தாளிகள்

கடலில் எண்ணெய் கொட்டிய பிறகு, பனிக்கடலிலிருந்து நுண்ணுயிர்கள் வரவழைக்கப்பட்டு, குப்பத்தில் வீட்டுக்கொரு பானையாகத் தங்கவைக்கப்பட்டன. எண்ணெயும் பிளாஸ்டிக்கும் அவற்றின் உணவு. அவற்றுக்குச் சூடு ஆகாது. ஆகவே எவரும் அடுப்பு மூட்டவில்லை. சித்திரையிலும் வாசலில் உறைபனி கிடந்தது.

தனபாக்கியம் தன் வீட்டுப் பானையின் முன் நாள்தோறும் வாழையிலை போட்டாள். விருந்தாளிக்குத் தரையில் கொட்டுவது முறையாகாது. முதலில் கடலிலிருந்து வழித்த எண்ணெயை இட்டாள். பிறகு குடம், சீப்பு, நாற்காலி. உண்பவை கண்ணுக்குத் தெரியவில்லை. இட்டவை மட்டும் குறைந்தன. கடலும் கரையோரத்திலிருந்து மெல்ல வெளுத்துக்கொண்டு வந்தது.

ஒரு காலையில், இலைக்கு எதிரே உட்கார்ந்திருந்த அவள் கணவன் ஏகாம்பரத்துக்குக் கால்விரல்கள் இல்லை.

"வலிக்குதாய்யா?"

"இல்ல. ஜில்லுனு கீது."

பானைகளுக்காகக் குப்பத்தைக் குளிரவைத்திருந்த குளிர்த்துறையின் அலுவலர் வந்தார். ஏகாம்பரத்தின் முழங்காலைத் தட்டிப் பார்த்தார். காலி டிரம்மின் ஓசை எழுந்தது.

"எப்பலேர்ந்து கடலுக்குப் போறீங்க?"

"மீச மொளைக்காத காலத்துலேர்ந்து."

"மீன் சாப்பிடுவீங்களா?"

"பின்ன, புல்லா துன்னுவேன்?"

"அதான். மீனுக்குள்ள இருந்த பிளாஸ்டிக்கெல்லாம் ஏறி, முழுசா நைலான் ஆயிட்டீங்க." அலுவலர் தனபாக்கியத்தின் பக்கம் திரும்பினார். "அடுப்ப மூட்டுங்கம்மா. சூடு பட்டா எல்லாம் செத்துடும், இவரு மிஞ்சுவாரு. கடல் மட்டும் பாதிக் கறையோட இப்படியே நின்னுடும்."

அவர் போனதும் தனபாக்கியம் அடுப்பில் விறகை அடுக்கினாள். தீப்பெட்டியிலிருந்து குச்சியை எடுத்தாள். அதற்குள் ஏகாம்பரம் இடுப்புவரை குறைந்திருந்தான்.

"இன்னா பண்ற தனம்? பந்தியில குந்துனவங்கள எழுப்புவாங்களா?"

"துன்றது உன்னியா!"

"யாரா இருந்தா இன்னா? எல போட்டது நீதான?"

குச்சியைப் பெட்டிக்குள் வைத்தாள். இலையருகே குனிந்து, வழக்கப்படி கேட்டாள்.

"இன்னும் வைக்கட்டுமா?"

"கூச்சப்படாம துன்னுங்கபா," என்றான் ஏகாம்பரம். அதன்பின் அவன் குரல் வரவில்லை.

அவன் மறைத்திருந்த வாசல் வழியே கடல் தெரிந்தது. ஒரு கறையும் இல்லை. படகுகள் ஆளின்றி அசைந்தன. தெரு நெடுக, வாசலுக்கொருத்தியாகப் பெண்கள் நின்று கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

உள்ளே விருந்தாளிகள் இலையை மூடினார்கள். கல்யாண வீட்டில் மூடுவதுபோல் தம் பக்கமாக அல்ல. சாவு வீட்டில் மூடுவதுபோல், எதிர்ப்பக்கமாக.