சண்டை பிடிக்காத தவக்காலம்

கம்பிவலைக் கதவைக் காலால் முட்டுக்கொடுத்துப் பிடித்தபடி நின்றாள் ராகவி. வெளியே சுவாமியார். அவருக்குப் பின்னால் மச்சாள் டொறத்தி. ராகவியின் கையில் கணவன் ஸ்ரான்லியின் உதட்டை நனைக்கிற பஞ்சுக் குச்சி, சுவாமியாரின் கையில் சின்னத் தோல்பை. பைக்குள் எண்ணெய்ச் சிமிழ் இருக்கிறது என்பது அவளுக்குத் தெரியும்.

“வாங்கோ ஃபாதர். இருந்து தேத்தண்ணி குடியுங்கோ. அவருக்குப் பக்கத்தில இருந்து கதையுங்கோ. எண்ணெய் மட்டும் வேண்டாம்.”

சாகக் கிடக்கிறவனுக்கு அவஸ்தை எண்ணெய் பூச விடாமல் மறிக்க நீ ஆரடி என்று கேட்டாள் டொறத்தி. டூங்கபியில் அந்தத் தெரு முழுக்கக் கேட்டிருக்கும். ஸ்ரான்லி அவள் தூக்கி வளர்த்த தம்பி. எண்ணெய் படாமல் அவன் போனால் எங்கே போவான் என்பதில் அவளுக்குத் துளி சந்தேகமும் இல்லை. அந்தப் பயம் அவள் முகத்தில் அப்படியே தெரிந்தது.

வேறு நாளென்றால் ராகவி சும்மா விட்டிருப்பாளா? அவளும் டொறத்தியும் கலியாணத்தன்று தொடங்கிய சண்டை இது. கோயிலும் இல்லை, தேவாலயமும் இல்லை என்று ரெஜிஸ்ரேஷனோடு நிறுத்திய கலியாணத்துக்குச் சண்டை. மகன் கபிலனுக்கு ஞானஸ்நானம் கொடுக்கவில்லை என்று சண்டை. மீன்குழம்புக்குப் புளி கூடிப்போச்சு என்றும் சண்டை. ஒருத்தி ஒன்று சொன்னால் மற்றவள் ஒன்பது சொல்வாள். ஆனால் இன்றைக்கு ராகவி வாயைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

மல்கிரேவிலிருந்து விமானம் பிடித்து வந்திருந்த கபிலன் பின்னால் வந்து மெல்லச் சொன்னான். “இட்ஸ் ஜஸ்ட் ஆயில், அம்மா. அப்பாவுக்குத் தெரியவும் போறேல்ல.”

“அவருக்குத் தெரியாதெண்டதாலதான் நான் நிக்கிறன்.”

சுவாமியார் நல்ல மனிதர். திரும்பிப்போய்ப் பையைக் காருக்குள் வைத்துவிட்டு வெறுங்கையோடு வந்தார். ஹோலில் போட்டிருந்த ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டு ஸ்ரான்லியின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். டொறத்தி குசினிக்குள் போய்ச் செபமாலையை உருட்டத் தொடங்கினாள்.

ராகவி வாயைக் கட்டியதற்குக் காரணம் தவக்காலம், ஈஸ்டருக்கு முந்திய நாற்பது நாள் நோன்பு.

ஸ்ரான்லி மன்னார்க் கத்தோலிக்கன். கடவுளை விட்டவன். ராகவி யாழ்ப்பாணத்துச் சைவம். அவளும் விட்டவள். கலியாணமான முதல் வருடம், இறைச்சி தொடாத நோன்பு தொடங்குகிற விபூதிப் புதனன்று, வெஸ்ட்மீட் ஃபிளாட்டில் ஆட்டிறைச்சிக் கறிக்கு முன்னால் இருந்து அவன் முழித்தான். கடவுள் போயிட்டார், ஆனால் இறைச்சிக்குக் கை போகுதில்லையப்பா என்றான். அவளுக்குச் சிரிப்பு வந்தது. அப்படியென்றால் நீங்கள் எதை விடவேண்டுமென்று நான் சொல்கிறேன், எனக்கு நீங்கள் சொல்லுங்கோ என்றாள். அப்படித் தொடங்கியதுதான். ஒவ்வொரு வருடமும் மற்றவருக்கு எது வலிக்கும் என்று பார்த்துப் பொறுக்கிச் சொல்வார்கள். அவனுக்கு பியர், அவளுக்குத் தேத்தண்ணிச் சீனி. அவனுக்கு கிரிக்கெட், அவளுக்குத் தன் அக்காவோடு ஃபோன். ஞாயிற்றுக்கிழமை நோன்புக் கணக்கில் வராது என்று டொறத்தி சொன்னபோது ஸ்ரான்லி கேட்கவில்லை. கடவுளுக்குத்தான் ஞாயிறு லீவு, ராகவி லீவு தரமாட்டாள் என்றான். மேய்ஸ் ஹில் முருகன் கோயிலுக்குப் போகும் ராகவியின் அம்மா, இதற்குக் கந்தசஷ்டி பிடிக்கலாமே என்று ஆதங்கப்பட்டாள். அது ஆறு நாள்தானே அம்மா, எங்கட வாய்க்கு நாற்பதும் காணாது என்று சொல்லி ராகவி அனுப்பிவிட்டாள்.

இந்த வருடம் விபூதிப் புதனன்று டொக்டர்மார் கையை விரித்திருந்தார்கள். வீட்டுக்கு வந்ததும் ராகவி முந்திக்கொண்டாள். “‘நான் போன பிறகு’ எண்டு தொடங்கிற கதையை விடுங்கோ. ஈஸ்டர் வரைக்கும் அந்தக் கதை இந்த வீட்டில வேண்டாம்.”

“சரி. நீர் டொறத்தி அக்காவோட சண்டை பிடிக்கிறதை விடும்” என்றான்.

பாவி மனுசன். எங்கே அடித்தால் வலிக்கும் என்று இவ்வளவு வருடம் பழகி வைத்திருந்தான்.

அன்றைக்கே, பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் தெருவில் கத்திக்கொண்டு போன நேரம் ஸ்ரான்லியின் மூச்சு நின்றது. ஒரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் நடுவே இடைவெளி கூடிக்கொண்டே வந்து, ஒரு கட்டத்தில் அடுத்தது வரவில்லை. ராகவி பஞ்சுக் குச்சியை மறுபடியும் தண்ணீரில் தோய்த்தாள். சுவாமியார்தான் அவள் கையை மெல்லப் பிடித்து நிறுத்தினார். குசினியிலிருந்து ஓடிவந்த டொறத்தி “என்ர தம்பி” என்று ஒரு சத்தம் போட்டாள்.

மரணச்சடங்குக்காரப் பெண் வந்து என்ன சமயம் என்று கேட்டாள். சமயம் இல்லை என்றாள் ராகவி.

அதோடு டொறத்திக்குப் பொறுக்கவில்லை. வருடாவருடம் தபசு காலம் பிடித்தவன் வேதக்காரன் இல்லையென்றால் வேறு ஆர் வேதக்காரன் என்று கேட்டாள். பூசைக்கு வாறவையே இறைச்சியை விடாத ஊரில் என்ர தம்பி பியரை விட்டவன் என்றாள். ஒருவிதத்தில் நியாயமான கேள்விதான். பிறகு குரலை இறக்கி, அதைவிடப் பெரிய கேள்வியைக் கேட்டாள்.

“கடைசியா அவன்ர மனசில என்ன இருந்ததெண்டு உனக்குத் தெரியுமோ? கேட்டனியோ?”

ராகவி அவனுடைய சட்டைகளைத் தூக்கிக்கொண்டு துணி துவைக்கிற லோன்றிக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். கேட்கவில்லைதான். கேட்காததோடு நிற்காமல் வாயையும் அல்லவா அடைத்து வைத்தாள். இரண்டு மூன்று முறை அவன், “ராகவி, நான் போன...” என்று தொடங்கி, தன் வாயில் தானே தட்டிக்கொண்டு, “ஈஸ்டருக்குச் சொல்றன்” என்று சிரித்திருக்கிறான். என்ன சொல்ல வந்தான்? பூட்டுத் திறப்பு எங்கே இருக்கிறது என்பதா? அல்லது, அக்காவின் ஆசைக்கு ஒரு பூசை வைத்துவிடும் என்பதா? அப்படி இருந்தால்? முன்பெல்லாம், எனக்கு ஒரு சுவாமியும் வேண்டாம், ஒரு ஐயரும் வேண்டாம் என்று அவன் சொன்னது எத்தனையோ தரம். ஆனால் சாகிற நேரத்தில் மனிதருக்கு மனம் மாறாதா என்ன?

மெஷினுக்குள் சட்டைகளை ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டிருந்தபோதுதான் பியர் விட்ட வருடம் ஞாபகம் வந்தது. மூன்றாம் கிழமை ஒரு பிறந்தநாள் வீட்டில் குடித்துவிட்டு வந்து, செருப்பைக் கழற்றுமுன்னமே, “முறிச்சுப் போட்டனப்பா” என்று வாசலில் நின்றவன். தண்டனையாக ஈஸ்டர் வரை டொய்லெட் கழுவியவன். கிரிக்கெட் விட்ட வருடமும் அப்படித்தான். வேண்டுமென்றால் முறிப்பான். முறித்தால் வந்து சொல்வான். இந்த வருடம் முறிக்கவில்லை. பூசை வேண்டுமென்றிருந்தால் அவளுடைய தடையை ஒரு சொல்லில் உடைத்துப் போட்டிருப்பான். அவனை அவளுக்குத் தெரியாதா?

தெரியும். சரியோ பிழையோ, இந்த உலகத்தில் அவளுக்குத்தான் தெரியும். மெஷினை முடுக்கிவிட்டு வெளியே வந்தாள்.

சடங்குக்கு முதல்நாள் டொறத்தி ஒரு தட்டு றோல்ஸோடு வந்தாள். பூசை வேண்டாம், பெட்டிக்குப் பக்கத்தில் ஒரேயொரு செபம் என்றாள்.

“இல்லை மச்சாள்.”

சுவாமியார் வேண்டாம், நானே சொல்கிறேன் என்றாள்.

“இல்லை மச்சாள்.”

டொறத்தி வெடித்தாள். அந்நியச் சாதி என்றாள், கல் நெஞ்சுக்காரி என்றாள், என்ர தம்பியைக் கடவுளிட்ட இருந்தும் பிரிச்சவள் என்றாள். ராகவியின் நாக்கு நுனியில் பதில்கள் வரிசைகட்டி நின்றன. ஒவ்வொன்றும் நல்ல பதில். எல்லாவற்றையும் விழுங்கிவிட்டு மூன்றாம் தரமும் அதையே சொன்னாள்.

டொறத்தி சட்டென்று நிறுத்தினாள். ராகவியை மேலும் கீழும் பார்த்தாள்.

“உனக்கென்னடி? ஏன் திருப்பிக் கத்துறாயில்லை?”

“உங்களோட சண்டை பிடிக்க வேண்டாமெண்டு சொன்னவர். இந்த வருசம் எனக்குத் தந்தது அதுதான்.”

“ஆர், அவனோ?”

“ஓம்.”

“எதுவரைக்கும்?”

“ஈஸ்டர் வரைக்கும்.”

டொறத்தி கதிரையில் இருந்தாள். றோல்ஸ் தட்டை மூடியிருந்த துணியைச் சரிபண்ணினாள், அது சரியாகத்தான் இருந்தது. பிறகு எழும்பி, போட்டு வாறன் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

தகன மண்டபத்தில் கபிலன் நான்கு வார்த்தை பேசினான். ராகவி இரண்டு வார்த்தை பேசினாள். ஒருவரும் செபம் சொல்லவில்லை. முன்வரிசையில் டொறத்தி செபமாலையைக் கைக்குள் பொத்தி வைத்திருந்தாள். பெட்டி உள்ளே போனபோது தன் நெற்றியில் தானே சிலுவை போட்டாள். அது அவளுடைய நெற்றி. ராகவி பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஈஸ்டர் ஞாயிறு அந்த வருடம், கோடை நேரம் முடிந்து மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்னுக்குத் தள்ளுகிற நாளிலேயே வந்தது. கபிலன் மல்கிரேவுக்குப் போய்விட்டான். ராகவி விழித்தபடி படுத்திருந்தாள். ஈஸ்டருக்குச் சொல்றன் என்றவன், இன்றைக்கல்லவா சொல்லவேண்டும். அவன்மேல் அவளுக்கு அப்படி ஒரு கோபம் வந்தது. எழும்பி முகம் கழுவ முன்னம் கம்பிவலைக் கதவை ஆரோ தட்டினார்கள்.

டொறத்தி. நேரம் மாறியது தெரியாமல் பழைய நேரத்துக்கு வந்திருந்தாள், அல்லது தெரிந்துதான் வந்தாளோ. பூசை ராத்திரியே முடிந்துவிட்டது என்றாள். நேரே குசினிக்குள் போய், கதிரையை இழுத்து, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். கண்கள் இரண்டும் வீங்கியிருந்தன.

“ஈஸ்டர் வந்திட்டுது. இப்ப சொல்லு.”

ராகவி கேத்தலில் தண்ணீர் வைத்தாள். எதிர்க் கதிரையில் வந்து இருந்தாள். விழுங்கி வைத்த பதில்களில் எதை முதலில் எடுப்பது என்று தெரியவில்லை.

“உங்கட மீன்குழம்புக்கு எப்பவும் புளி கூட, மச்சாள்.”

“எந்தக் காலத்திலயடி? அவன் விரலைச் சூப்பிச் சூப்பித் திண்டவன்.”

“உங்களுக்கு முன்னால. வீட்டுக்கு வந்து சோடா குடிச்சவர்.”

டொறத்தியின் குரல் ஏறியது. ராகவியின் குரலும் ஏறியது. கேத்தல் கொதித்துத் தானாக நின்றது. இருவரும் ஊற்ற எழும்பவில்லை.