இருபத்திரண்டு என்

1

என்னிடம் ஒன்றை இரண்டாம் முறை சொல்லவேண்டிய அவசியம் இதுவரை எவருக்கும் நேர்ந்ததில்லை. இதைத் தற்பெருமையாகச் சொல்லவில்லை. வானிலை அறிக்கை போலச் சொல்கிறேன். (வானிலை அறிக்கை? சென்னைக்காரர்கள் சிரிப்பார்கள். இருக்கட்டும்.)

கதை பிறந்த இடத்தை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். தி.நகர் உஸ்மான் சாலையிலிருந்து பிரிகிற ஒரு சந்தில் மூக்குக்கண்ணாடிக் கடை. அங்கே கறுப்புத் திரையில் பச்சை எழுத்து ஓடுகிற பழைய கணினி ஒன்றில் நாலாயிரம் பேருடைய கண் பவர் இருந்தது. அதைப் புதிய கணினிக்கு மாற்ற வந்தவன் நான். ஷ்ரவண், கல்லூரி மூன்றாம் ஆண்டு. முதலில் இப்படித் தொடங்கியிருந்தேன்:

பழைய கணினி பெருமூச்சு விட்டபடி தன் நினைவுகளை

வேண்டாம். அது பெருமூச்சு இல்லை, உள்ளே ஓடிய ஃபேன்.

2

(கட்டுரைப் பகுதி. தாண்டிப் போகிறவர்கள் அப்புறம் என்னிடம் வந்து நிற்கக்கூடாது.)

அந்தக் காலக் கணினிகளில் இடம் ரொம்பக் குறைவு. மைனஸ் குறிக்குத் தனியாக ஓர் இடம் என்பதெல்லாம் ஆடம்பரம். ஆகவே கடைசி இலக்கத்தையும் குறியையும் ஒரே எழுத்துக்குள் ஒண்டுக்குடித்தனம் வைத்தார்கள். மைனஸ் இரண்டே கால் என்பது அங்கே 22N. மைனஸும் கடைசி ஐந்தும் சேர்ந்ததுதான் அந்த N. பிளஸ் ஒன்றரை என்றால் 15{. பிளஸும் பூஜ்யமும் சேர்ந்து அடைப்புக்குறியாகிவிட்டன. புள்ளி கிடையாது, இருப்பதாக நினைத்துக்கொள்ள வேண்டும்.

இதெல்லாம் அப்போது எனக்குத் தெரியாது. தெரிந்ததுபோல இப்போது எழுதுகிறேன். எழுதுகிறவனுக்கு இந்த ஒரு வசதியாவது வேண்டாமா?

3

கடையை நடத்துகிறவர் ஸ்வர்ணலதா அக்கா, நாகர்கோவில்காரர். போனில் எந்த எழுத்தைச் சொன்னாலும் கூடவே ஓர் ஊரையும் சொல்வார். பி என்றால் பழநி, டி என்றால் திண்டுக்கல். சொல்லி முடித்து நம்மையும் திருப்பிச் சொல்லவைப்பார். கல்லூரி கேன்டீனில் நான் இதை நடித்துக்காட்டுவேன். கடைசியில் கண்டக்டர் மாதிரி ஒரு விசில் ஊதினால் கைதட்டல் நிச்சயம்.

வேலை தொடங்கிய அன்று போன் செய்தார்.

"தம்பி, சிலதுல கடைசில என் வரும், பாத்துக்கிடுங்க. நாகர்கோ—"

"புரிஞ்சிருச்சுக்கா. பஸ் அங்கெல்லாம் நிக்காது."

"கேலி இருக்கட்டும். திருப்பிச் சொல்லுங்க."

"கடைசில எண் வரும். அவ்ளோதானே?"

"ஆமா. என் வரும்."

எங்களுக்குள் பூரண உடன்பாடு.*

* ண-வுக்கும் ன-வுக்கும் நாக்கை மடக்கிப் பழகாதவன் நான். மடக்கியிருந்தால் இந்தக் கதை இல்லை.

கடைசியில் எண் வரவேண்டும். ஆனால் N-ம் அடைப்புக்குறியும் அல்லவா நிற்கின்றன? தூசி என்று முடிவுகட்டினேன். அவற்றைத் தட்டிவிட்டுப் பூஜ்யம் போட்டேன். வருகிற விடையைப் பக்கத்திலிருக்கும் கால் பவருக்கு நகர்த்தினேன். பத்துப் பேரை எடுத்துப் பழைய அட்டையோடு ஒப்பிட்டேன். பத்தும் சரி! பத்துப் பேரும் பேப்பர் படிக்கக் கண்ணாடி போடுகிற மயிலாப்பூர் மாமாக்கள். எல்லாம் பிளஸ், எல்லாம் பூஜ்யத்தில் முடிபவை.

4

இனி கடையின் பழைய வாடிக்கையாளர் ரூஹி வரவேண்டும். முதல் பிரதியில் அவரை அழவைத்திருந்தேன். படித்துப் பார்த்தால் பொய்யாக இருந்தது. திருவல்லிக்கேணி ரூஹி அழுகிற ரகம் இல்லை, அழவைக்கிற ரகம்.

அவருடைய கண்ணாடியைப் பெசன்ட் நகர் அலை கொண்டுபோய்விட்டது. கடையில் கண் பரிசோதிப்பவர் தங்கை கல்யாணத்துக்கு லீவு. ஆகவே புதிய கணினியில் இருந்த பவரை வைத்தே கண்ணாடி செய்து, சனிக்கிழமை காலை ரூஹி கையில் கொடுத்தோம். போட்டுக்கொண்டு தெருவைப் பார்த்தார்.

"இன்னா தம்பி இது? எதிர்ல வர்றது பஸ்ஸா மாடான்னே தெரியல. உன் மூஞ்சி இட்லி மாவாட்டம் கீது."

"பழகணும்க்கா. ரெண்டு நாள்ல…"

"ரெண்டு நாள்ல எனக்கு லைசென்ஸ் டெஸ்டு! ரெண்டு வாட்டி ஊத்திக்கிச்சு. இந்த வாட்டியும் போச்சுன்னா அடையாறு ஸ்கூல் வேனை வேற ஆளுக்குக் குடுத்துருவாங்க. நீ வந்து ஓட்டுவியா?"

ஸ்வர்ணலதா அக்கா போய்ப் பழைய கணினியைப் போட்டார். அதில் ரூஹிக்கு இரண்டு கண்ணும் 22N. என்னுடையதில் பிளஸ் இரண்டே கால்.

"தம்பி, என் எங்க?"

"எண் இருக்கேக்கா. ரெண்டு, ரெண்டு, அஞ்சு…"

"அந்த எண் இல்ல. ஏ பி சி டி என்!"

அப்போதுதான் எனக்குக் கேட்டது.

5

முடிவுகள் கைவசம் இரண்டு உள்ளன.

(அ) ரூஹி தேறுகிறார். அடையாறு பாலத்தில் மஞ்சள் வேன். குழந்தைகள் கையசைக்கிறார்கள். எழுதும்போது எனக்கே புல்லரித்தது, அதனால் சந்தேகமாக இருக்கிறது.

(ஆ) ரிவர்ஸ் எடுக்கையில் கம்பத்தை இடித்துவிடுகிறார். கண்ணாடி மேல் பழியில்லை. கம்பம் மிகத் தெளிவாகத் தெரிந்தது.

பிடித்ததை எடுத்துக்கொள்ளுங்கள். திங்கட்கிழமை உங்களுடையது. எனக்குச் சனிக்கிழமையே இன்னும் முடியவில்லை. நாலாயிரம் பேரையும் முதலிலிருந்து மாற்றவேண்டும். அதற்கு முன் சிந்தாதிரிப்பேட்டையில் லென்ஸ் தேய்க்கிற பீர் முஹம்மது பாய்க்குப் போன். மதியத்துக்குள் சொன்னால் ஞாயிறு சாயங்காலம் தருவார். தப்பாகச் சொன்னால் தப்பாகவே தருவார்.

அக்கா ஒரு டீயை என் பக்கம் நகர்த்தினார். திட்டவில்லை. ரூஹி ஸ்டூலில் உட்கார்ந்து தோராயமாக என்னை முறைத்துக்கொண்டிருந்தார்.

"பாய், ரெண்டு கண்ணும் ரெண்டே கால். மைனஸ்."

"செரி."

"மைனஸ் பாய்." குரலைத் தாழ்த்திக்கொண்டேன். "மயிலாப்பூர் மை."

அந்தப் பக்கம் பாய் மெஷினை நிறுத்தினார்.

"இன்னா நைனா, அப்ப பிளஸ்ஸுக்கு எந்த ஊரு?"

"பல்லாவரம். எங்க, ஒருவாட்டி திருப்பிச் சொல்லுங்க."