உப்புப் பார்க்க ஒரு நாக்கு

திண்டிவனத்தில் சவுரிராயன் மாஸ்டரைத் தெரியாது என்று ஒருவன் சொன்னால், பாவம், அவனை யாரும் கல்யாணத்துக்குக் கூப்பிடுவதில்லை என்று அர்த்தம். மேல்மலையனூரிலிருந்து விழுப்புரம் வரை, மண்டபம் பிடிப்பதற்கு முன்னால் மாஸ்டருக்குத் தேதி ஒழிகிறதா என்றுதான் கேட்பார்கள். அவர் வைக்கிற சாம்பாருக்கு அவ்வளவு மரியாதை.

மாஸ்டருக்கு அதைவிடப் பெரிய பெருமை ஒன்று உண்டு. தான் சாப்பிடுவதே இல்லை என்பது. அடுப்படியிலேயே கிடக்கிறவனுக்குப் பசி ஏது, தவக்காலத்தில்தான் ஊர் ஒருவேளை மட்டும் சாப்பிட்டு ஒருசந்தி இருக்கிறது, நான் வருசம் பூராவும் ஒருசந்திதான் என்று பங்குச் சாமியாரிடமே பீற்றிக்கொண்ட மனிதர். அப்பேர்ப்பட்டவருக்குச் சர்க்கரை முந்நூறைத் தாண்டிவிட்டது என்று சீட்டு வந்தால் சும்மா விடுவாரா? இது ஏதோ ஜிலேபிக் கடைக்காரன் ரத்தம், மாற்றிவிட்டீர்கள் என்று பரிசோதனை செய்த இடத்தில் ஒரு கூத்து நடத்திவிட்டுத்தான் டாக்டரிடம் போனார்.

டாக்டர் சமீரா கோட்டக்குப்பத்துப் பெண். சின்ன வயசு, ஆனால் அவசரம் கிடையாது. என்ன சாப்பிடுகிறீர்கள் என்று அவர் கேட்கவில்லை. கல்யாணத்துக்கு முந்தின ராத்திரி என்னென்ன செய்வீர்கள், வரிசையாகச் சொல்லுங்கள் என்றார். மாஸ்டருக்கு வெல்லம் தின்ன மாதிரி ஆகிவிட்டது. சாம்பார் கொதி வந்ததும் உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்குவது, புளி ஊற்றியதும் இன்னொரு தரம், இறக்கும்போது மறுபடியும். கேசரியில் இனிப்பு நிற்கிறதா என்று ஒரு கரண்டி. பொங்கலில் நெய் பிடித்ததா என்று ஒரு கவளம். வடை உள்ளே வெந்ததா என்று பிட்டுப் பார்த்தால் மிச்சத்தை யாரிடம் கொடுப்பது, அதுவும் வாய்க்குள்தான். எல்லாவற்றையும் கையை வீசி வீசிச் சொல்லி முடித்தார்.

“ஐயா, நீங்க சாப்பிடறதே இல்லன்னு யாரு சொன்னது?” என்றார் சமீரா. “ராத்திரி முச்சூடும் பந்தியிலயே உக்காந்துக்கினு இருக்கீங்க.”

பிறகு நிதானமாக விளக்கினார். குடலுக்குள் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் கோடிக்கணக்கில் குடியிருக்கின்றன. அவற்றுக்கும் பகல், ராத்திரி உண்டு. சாப்பாடு வரும்போது சில பெருகும், வயிறு சும்மா இருக்கும்போது வேறு சில தலையெடுத்துத் தங்கள் வேலையைப் பார்க்கும். ராத்திரியில் உடம்புக்குச் சர்க்கரையைச் சமாளிக்கிற சக்தியும் குறைவு, அந்த நேரத்தில் ஓயாமல் உள்ளே தள்ளினால் எல்லாம் தாறுமாறாகிவிடும் என்றார். மாஸ்டர் இதைத் தன் பாஷைக்கு மாற்றிக்கொண்டார். கடைசிப் பந்தி எழுந்தால்தான் பாத்திரம் கழுவ முடியும். இவர் பந்தியை முடிய விட்டதே இல்லை, உள்ளே கழுவுகிற ஆட்கள் என்னதான் செய்வார்கள்?

சாயங்காலம் ஏழுக்கு மேல் காலை ஏழு வரை தண்ணீர் மட்டும்தான், நக்கிப் பார்ப்பதும் சாப்பாடுதான் என்று சமீரா கறாராகச் சொன்னார். மாத்திரையையும் அதற்குத் தகுந்தபடி மாற்றிக் கொடுத்தார். தலை சுற்றினால் மட்டும் நேரம் பார்க்காமல் இனிப்பாக ஏதாவது குடிக்க வேண்டும். இதெல்லாம் முடியாது என்றால் சமையல் வேலையை விட்டுவிடுவதுதான் வழி என்றார்.

வேலையை விடுவதா? அதற்குச் சர்க்கரையே தேவலை. நாம் நக்காவிட்டால் என்ன, உப்புப் பார்க்க ஆளா இல்லை என்று நினைத்தார் மாஸ்டர். அங்கேதான் வந்தது பேஜாரு.

அவரிடம் இருந்த ஆட்கள் மூன்று பேர். மாரியப்பன் வாயில் எந்நேரமும் புகையிலை, அவனுக்கு உப்பு உறைக்க வேண்டுமென்றால் மரக்காணத்து உப்பளத்தையே கொண்டுவந்து கொட்ட வேண்டும். விருத்தாசலம் ரத்தக்கொதிப்புக்காரர், வீட்டில் உப்பில்லாமல் தின்று தின்று பச்சைத் தண்ணீரே கரிக்கிறது என்பார். தேவாவுக்கு நாக்கு நன்றாகத்தான் இருந்தது, தைரியம்தான் இல்லை. எதைக் கொடுத்தாலும் சூப்பர் மாஸ்டர் என்பான்.

கிளியனூர்க் காதுகுத்தில் மூன்று பேர் பேச்சையும் கேட்டுச் சமைத்தார் மாஸ்டர். சாம்பார் சப்பென்று இருந்தது, ரசமோ உப்புக் கரித்து வாயில் வைக்க முடியவில்லை. மடியில் பிள்ளையை வைத்துக்கொண்டிருந்த தாய்மாமனே பாதியில் இலையை மூடிவிட்டு எழுந்தார். உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்று ஒருத்தர் கைகழுவுகிற இடத்தில் உரக்கச் சொன்னார். மாஸ்டர் காதில் விழ வேண்டும் என்றுதான் சொன்னார்.

சேதி விழுப்புரத்துக்குப் பறந்தது. அடுத்த கல்யாணம் அங்கேதான், மல்லாட்டை என்கிற வேர்க்கடலைக்கு மண்டி வைத்திருக்கும் திருமுருகன் வீட்டில். அவர் போன் போட்டு, என் பொண்ணு கல்யாணத்திலும் இந்த மாதிரி ஆனால் அப்புறம் இந்தப் பக்கம் யாரும் உங்களைக் கரண்டி பிடிக்க விடமாட்டார்கள் என்று மரியாதையாகவே மிரட்டினார். சமீராவோ சர்க்கரை இறங்குகிறது, விட்டுவிடாதீர்கள் என்று சந்தோஷமாகச் சொல்லி அனுப்பியிருந்தார். நக்கினால் உடம்பு போகும், நக்காவிட்டால் பேர் போகும். மாஸ்டர் ஆடிப்போய்விட்டார்.

போதாக்குறைக்குப் புதிதாக ஒரு தொல்லை வேறு முளைத்தது. பசி. விடிந்தால் வயிறு கத்தியது.

இங்கே அவர் மனைவி ஆரோக்கியசெல்வியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கல்யாணமான நாள் முதல் அவள் வைத்த குழம்பில் மாஸ்டர் ஒரு வாய்க்கு மேல் சாப்பிட்டதில்லை. முகத்தைச் சுளித்துத் தட்டைத் தள்ளுவார். எங்க வீட்டுக்காரிக்குக் கடவுள் எல்லாம் கொடுத்தார், நாக்கு மட்டும் கொடுக்கவில்லை என்று நாலு பேர் முன்னால் சொல்லிச் சிரிப்பார். அவளும் சிரிப்பாள். வேறு என்ன செய்வாள்?

அன்று காலை கேப்பைக்களியும் கருவாட்டுக் குழம்பும். மாஸ்டர் கொலைப்பசியில் முதல் வாய் வைத்தார், தூக்கிவாரிப் போட்டது. உப்பும் புளியும் காரமும் அதனதன் இடத்தில் ஒழுங்காக நின்றன. தலை நிமிராமல் தின்றார். எப்போதிருந்து இப்படிச் சமைக்கிறாய் என்று கேட்க வாய் வரைக்கும் வந்தது, கௌரவம் குறுக்கே நின்றது. பரவாயில்லை என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போனார். பரவாயில்லையாம். தட்டை விரலால் வழித்து நக்கிய மனுஷன் சொல்கிற பேச்சா இது?

கல்யாணத்துக்கு முதல் நாள், வாசலில் வேனில் அண்டாக்கள் ஏறிக்கொண்டிருந்தபோது, மாஸ்டர் அவள் முகத்தைப் பார்க்காமல் பேசினார்.

“வூட்ல சும்மா ஒக்காந்துக்கினு இன்னா பண்ணப் போற? ஜல்தியா கிளம்பு. கல்யாணம் பாத்த மாதிரியும் இருக்கும்.”

அவள் சேலை மாற்றிக்கொண்டு வந்து ஏறினாள்.

விடியற்காலையில் டிபன் சாம்பார் தளதளவென்று கொதித்தது. மாஸ்டர் பழக்கத்தில் உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டுக்கொண்டார், கை வாய் வரைக்கும் போய்விட்டது. சட்டென்று வேட்டியில் துடைத்துக்கொண்டார். ஆட்கள் மூவரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். இந்தச் சாம்பார் போனால் மாஸ்டர் போனார், அது அவர்களுக்கும் தெரியும். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த மனைவியை மாஸ்டர் கூப்பிட்டார். அவள் உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டார். தேவா வாயைப் பிளந்தான்.

அவள் நக்கிப் பார்த்து, கண்ணை மூடி, கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டாள்.

“உப்பு ஒரு கை கொறையுது. புளி இன்னும் பச்சையா இருக்குது, கொதிக்கட்டும். பெருங்காயம் போதும், இனிமே போடாதீங்க.”

மாஸ்டருக்குச் சுர்ரென்று ஏறியது. யாருக்கு யார் சொல்வது? சவுரிராயன் சாம்பாருக்குப் புளி பச்சையா? வெடிக்கப்போகிறார் என்று மாரியப்பன் இரண்டடி பின்னால் நகர்ந்துகொண்டான். அப்புறம் அந்தக் களி ஞாபகம் வந்தது. மாஸ்டர் உப்பு டப்பாவுக்குள் கையை விட்டு, சரியாக ஒரு கை அள்ளிப் போட்டார். பெருங்காயத்தை மூடி வைத்தார்.

முதல் பந்தியிலேயே சாம்பார் வாளி நிற்க நேரமில்லாமல் ஓடியது. சிலர் இட்லியை விட்டுவிட்டுச் சாம்பாரை மட்டும் கேட்டார்கள். திருமுருகன் வாயைத் துடைத்துக்கொண்டே அடுப்படிக்கு வந்தார்.

“கிளியனூர்க்காரனுங்க பொய்யி சொல்லிட்டானுங்க மாஸ்டர். இதான் உங்க கை.”

வழக்கமாக இந்த இடத்தில் மாஸ்டர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கூரையைப் பார்த்துச் சிரிப்பார். அன்று தரையைப் பார்த்தார்.

“கை மட்டுந்தாங்க என்னுது. உப்பு பாத்தது இவங்க. எங்க வீட்டம்மா.”

திருமுருகன் அவளைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போனார். ஆரோக்கியசெல்வி கையை முந்தானையில் துடைத்தாள், மறுபடியும் துடைத்தாள்.

“எனக்கு நாக்கே இல்லன்னு சொல்லுவீங்க,” என்றாள்.

“பசிக்காத வாய்க்கு எது குடுத்தாலும் மண்ணு செல்வி. நாக்கு இல்லாதவன் நான்தான்.”

மூன்று ஆட்களும் கரண்டியைப் பிடித்தபடி அப்படியே நின்றார்கள். ஏழு தாண்டியிருந்தது. அவள் ஓரமாக ஒரு இலையைப் போட்டு, இட்லி வைத்துச் சாம்பார் ஊற்றினாள். தன் சமையலுக்குத் தானே இலை முன்னால் உட்கார்ந்து பழக்கமில்லாத மனுஷன், கூச்சத்தோடு உட்கார்ந்தார். சாப்பிட ஆரம்பித்ததும் கூச்சம் போய்விட்டது. இலை காலியானதும் முணுமுணுத்தார்.

“இன்னும் கொஞ்சம் ஊத்து.”

அவள் வாளிக்குள் கரண்டியை விட்டவள் அப்படியே நிறுத்திக்கொண்டாள்.

“காதுல விழல. இன்னொரு தபா சொல்லுங்க.”

மாஸ்டர் மண்டபத்துக்கே கேட்கிற மாதிரி சொன்னார்.