செத்துப்போன சின்ன ஸ்பீக்கர்

பேஸ் கிட்டார் வாசிக்கிறவர்களை மேடையில் யாரும் பார்ப்பதில்லை. பாடுகிறவரைப் பார்ப்பார்கள், டிரம்ஸ் அடிக்கிறவரைப் பார்ப்பார்கள், லைட் போடுகிற ஆளைக்கூடத் திரும்பிப் பார்ப்பார்கள். பேஸ்காரர் வாசிப்பதை நிறுத்தினால்தான் "என்னமோ குறையுதே" என்று தேடுவார்கள். அந்த வயிற்றெரிச்சலோ என்னவோ, மூன்று பேஸ்காரர்கள் ஓரிடத்தில் சேர்ந்துவிட்டால் அவர்கள் வாய் ஓயாது.

இவர்கள் மூன்று பேர் சேருகிற இடம் ரிப்பேர் அக்காவின் கடை. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஷட்டர் பாதிதான் திறந்திருக்கும். வாடிக்கையாளர்களுக்கு அது விடுமுறை என்று அர்த்தம், இவர்களுக்குக் குனிந்து உள்ளே வா என்று அர்த்தம். உள்ளே நீள மேஜை, வயிறு திறந்து கிடக்கும் ஆம்ப்ளிஃபயர்கள், உருகின ஈயத்தின் வாசனை. நாற்காலி ஒன்றுதான், அதில் அக்கா இருப்பாள். மற்றவர்கள் ஸ்பீக்கர் பெட்டிமேல் உட்கார வேண்டியதுதான். அக்காவுக்கு எந்த வாத்தியமும் வாசிக்கத் தெரியாது. அதனால்தான் அந்தக் கடையில் சண்டை கைகலப்பு வரை போனதில்லை.

மூவரில் லாரி ஓட்டுகிறவருக்குப் பெயரே லாரி. ஐந்து கம்பி பேஸ் வைத்திருந்தார். அதைத் தோளில் மாட்டினால் ஒரு பக்கம் சாய்ந்துதான் நடப்பார். கம்பி மாற்றி ஆறு வருஷம் ஆகிறது என்பதைப் பட்டம் வாங்கியதுபோலச் சொல்லிக்கொள்வார். இரண்டாவது ஆள் கணக்கு டீச்சர். பள்ளிக்கூடத்தில் ஒன்பதாம் வகுப்பு, வெளியில் பேஸ், அதுவும் கம்பியைச் சுண்டுகிற பிளாஸ்டிக் வில்லையான பிக் வைத்து. விரலால் வாசிக்கிறவர்கள் பிக் வைத்து வாசிக்கிறவர்களை மன்னிப்பதே இல்லை.

"பிக் வெச்சு பேஸ் வாசிக்கறது கையுறை போட்டுக்கிட்டுச் சாப்பிடற மாதிரி டீச்சர்" என்றார் லாரி அன்றைக்கும்.

"உங்க கம்பியில விரலை வெச்சாதான் கையுறை வேணும். ஆறு வருஷ அழுக்கு."

"பழகின செருப்பை யாராவது மாத்துவாங்களா?"

"அறுந்து தொங்குச்சுன்னா மாத்துவாங்க" என்றார் டீச்சர். "எனக்கு ஒவ்வொரு நோட்டும் தனித்தனியாக் கேக்கணும். நீங்க வாசிச்சா எல்லாம் ஒண்ணா ஒட்டிக்கிட்டு வருது."

இருவரும் திரும்பி மூன்றாவது ஆளைப் பார்த்தார்கள். தீர்ப்பு அவர்தான் சொல்ல வேண்டும். அவர் பகலில் கண்ணாடிக் கடையில் உட்கார்ந்து பார்வை அளந்து பவர் எழுதுகிறவர். ஆனால் அவருக்கு அமைந்த பெயர் காதுக்காரர். பத்து வருஷத்துக்கு முன்னால் ஒரு கல்யாண மண்டபத்தின் வண்டி நிறுத்துமிடத்தில் நின்றபடி, உள்ளே யாரோ வாசித்துக்கொண்டிருந்த பேஸில் மூன்றாவது கம்பி ஒரு மயிரிழை இறங்கியிருக்கிறது என்றார். உள்ளே போய் டியூனர் வைத்துப் பார்த்தார்கள். மயிரிழைதான் இறங்கியிருந்தது. அன்றிலிருந்து சத்தம் சம்பந்தப்பட்ட எந்த வழக்கிலும் அவர் வாக்குக்கு மேல்முறையீடு கிடையாது. அவருக்கும் அது பிடித்திருந்தது, ரொம்பவே பிடித்திருந்தது.

அன்றைக்கு மட்டும் அவருக்குத் தீர்ப்பு சொல்லும் மனநிலை இல்லை. ஒன்றரை வருஷமாக அவருடைய சத்தம் மங்கிக்கொண்டே வந்தது. கம்பி மாற்றினார், நாலு செட். கம்பியின் அதிர்வைப் பிடிக்கிற பிக்கப்பை மாற்றினார், கேபிள் மாற்றினார், ஆம்ப்பையே விற்றுவிட்டு வேறு வாங்கினார். புதிதாக எது போட்டாலும் பத்து நாள் பரவாயில்லை, பிறகு போர்வை போட்டு மூடினதுபோல ஆகிவிடும். ஆம்ப் பெட்டியில் கூர்மையான சத்தத்துக்கென்று தனியாக ஒரு சின்ன ஸ்பீக்கர் இருக்கிறது, ட்வீட்டர். அதுதான் சாகிறது என்று முடிவுகட்டி இரண்டு தடவை மாற்றச் சொன்னார். அந்தக் கூர்மையைக் கூட்டுகிற ட்ரெபிள் திருகு இதற்கு மேல் திரும்பாது என்கிற இடத்தில் நின்றது.

சொந்தச் சங்கடமாக மட்டும் இருந்தால் தாங்கியிருப்பார். அவர் வாசிக்கும் குழுவில் பாடுகிறவள் அவருடைய கொழுந்தியாள், மனைவியின் தங்கை. பதினெட்டு வருஷம் கல்யாண மண்டபங்களில் ஊர்ப்பட்ட பாட்டைப் பாடியபிறகு, அவளே எழுதி மெட்டுப் போட்ட ஆறு பாட்டுகளை வரும் சனிக்கிழமை ஸ்டூடியோவில் பதிவு செய்கிறார்கள். போன ஒத்திகை முடிந்ததும் அவள் அவரைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"அத்தான், உங்க பேஸ் தகர டப்பாவுல ஆணியைப் போட்டுக் குலுக்கற மாதிரி இருக்கு. கடகடன்னு என் குரலையே மறைக்குது. சனிக்கிழமைக்குள்ள சரி பண்ணுங்க. இல்லன்னா நான் வேற ஆளைத்தான் பாக்கணும். வீட்ல அக்காகிட்ட நானே சொல்லிக்கறேன்."

மங்கிப்போன சத்தத்தைக் கடகடவென்று இருக்கிறது என்கிறாளே, இவளுக்கு என்ன ஆயிற்று என்றுதான் அவர் நினைத்தார். அந்தக் குழுவைத் தொடங்கினவரே அவர். அதிலிருந்தே விலக்கப்பட அவர் தயாராக இல்லை. வியாழக்கிழமை ஆம்ப்பைக் கொண்டுவந்து அக்காவிடம் இறக்கிவிட்டுப் போயிருந்தார்.

"ஆம்ப் என்னாச்சு அக்கா?" என்றார் இப்போது.

 அக்கா டீச்சருடைய பேஸையும் லாரியுடைய பேஸையும் வாங்கிக்கொண்டு மேஜைக்குப் பின்னால் போனாள். தூசிக்குப் போர்த்தும் துணியைக் கயிற்றில் தொங்கவிட்டாள்.

"எனக்கு வாசிக்க வராது. கம்பியை மட்டும் தட்டறேன். எது புதுக் கம்பி, எது பழசு, சொல்லுங்க."

டொய்ங் என்று ஒன்று, தொம் என்று ஒன்று.

"முதல்ல தட்டினது புதுசு" என்றார் டீச்சர். "அது என்னோடது. நேத்து சாயங்காலம்தான் மாத்தினேன்."

"ரெண்டாவது நம்ம செருப்பு" என்றார் லாரி.

காதுக்காரர் கண்ணை மூடி இன்னொரு தடவை தட்டச் சொன்னார். பிறகு இன்னொரு தடவை.

"ரெண்டும் பழசு" என்றார்.

 லாரி தாடையைச் சொறிந்தார். "எனக்கும் உள்ளுக்குள்ள அப்படித்தான் பட்டுச்சுண்ணே. வாய்தான் முந்திக்கிச்சு."

டீச்சருடைய முகம் வாடியது. "அப்போ கடைக்காரர் பழைய கம்பியைப் பாக்கெட்ல போட்டு என் தலையில கட்டிட்டாரா? நான் கேட்டப்பவே ஒரு மாதிரிதான் சிரிச்சாரு."

காதுக்காரர் சொன்னபிறகு தங்கள் சொந்தக் காதை நம்பும் துணிச்சல் இரண்டு பேருக்கும் இல்லை. துணிக்கு மேலே அக்காவின் தலை மட்டும் தெரிந்தது. அவள் கம்பியைப் பார்க்கவில்லை, அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சரி, அந்த ட்வீட்டரையே பாத்துடலாம்" என்றாள்.

ஆம்ப்பிலிருந்து கழற்றி வைத்திருந்த சின்ன ஸ்பீக்கரை மேஜை நடுவில் வைத்து, சோதனைப் பெட்டியின் இரண்டு ஒயரை அதில் மாட்டினாள். ஒரே சுருதியில் சத்தம் கொடுக்கிற பெட்டி அது. சுருதி எண்ணை ரொம்ப உயரத்தில் திருகி வைத்துக்கொண்டு பொத்தானை அழுத்தினாள்.

காதுக்காரர் முன்னால் குனிந்து அதன் வாயில் காதை வைத்தார். நிமிர்ந்தபோது முகமெல்லாம் வெற்றிச் சிரிப்பு.

"பாத்தீங்களா? மூச்சுப் பேச்சே இல்ல. செத்துப்போச்சு, செத்துப்போச்சுன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன்ல?"

 அவர் திரும்பினார். டீச்சர் இரண்டு காதிலும் விரலை விட்டு, தோளைக் கழுத்துவரை தூக்கிக்கொண்டு நின்றார். லாரி கண்ணை இறுக்கி மூடி, உள்ளங்கையால் காதைப் பொத்தியிருந்தார். அக்கா மட்டும் பல்லைக் கடித்துக்கொண்டு பொத்தானை அழுத்தியபடி இருந்தாள்.

அவருடைய சிரிப்பு முகத்தில் அப்படியே நின்றது. எடுக்கத் தெரியவில்லை.

அக்கா பொத்தானை விட்டாள். "மேலேயிருந்து கொஞ்சம் கொஞ்சமா இறக்கிட்டு வரேன். கேட்டதும் கையைத் தூக்குங்க." இறக்கினாள். அவர் காத்திருந்தார். இன்னும் இறக்கினாள். கடைசியில் அவர் கை மெதுவாக மேலே போனபோது பெட்டியில் என்ன எண் என்று கணக்கு டீச்சர் எட்டிப் பார்த்தார். பார்த்துவிட்டுத் தரையைப் பார்த்தார். எண்ணைவிட அதுதான் காதுக்காரருக்கு விளக்கமாகச் சொன்னது.

கண்ணாடிக் கடையில் இந்தக் காட்சியை அவர் தினம் பார்க்கிறவர். "இப்பல்லாம் பேப்பர்ல எழுத்தைச் சின்னதாக்கிட்டாங்க சார்" என்று சொல்லிக்கொண்டே வருவார்கள். "பல்பு வெளிச்சம் பத்தல" என்பார்கள். அவர் தலையை ஆட்டிக்கொண்டே லென்ஸை மாற்றுவார், மனசுக்குள் சிரிப்பார். ஒன்றரை வருஷமாக அவரும் அதையேதான் சொல்லிக்கொண்டு அலைந்திருக்கிறார். கம்பி சரியில்லை, பிக்கப் சரியில்லை, ஸ்பீக்கர் செத்துவிட்டது. வீட்டில் வாஷிங் மெஷின் முடிந்தால் பீப் அடிக்கும், அடித்தும் எழுந்து துணி காயப்போடாமல் உட்கார்ந்திருக்கிறீர்களே என்று மனைவி ஒரு வருஷமாகச் சண்டை போடுகிறாள். அந்த மெஷினுக்குப் பீப் அடிக்கிற பழக்கமே கிடையாது என்று அவர் சத்தியம் செய்திருந்தார். வெட்கமாக இருந்தது. வெட்கத்துக்குக் கீழே பயம் இருந்தது.

"மேடையில எங்க நிப்பீங்க?" என்று கேட்டாள் அக்கா.

"ஹை-ஹாட் தட்டுக்குப் பக்கத்துல. டிரம்ஸ்காரர் காலும் கையும் தெரிஞ்சாத்தானே அவரோட சேந்து வாசிக்க முடியும்."

"அந்தத் தட்டு காதுக்கு ஒரு முழத்துல. எத்தனை வருஷம்?"

"பதினெட்டு."

"நாமளும் அங்கதானேண்ணே நிக்கறோம்" என்றார் லாரி. கொஞ்ச நேரம் கழித்து, "அக்கா, எனக்கும் ஒரு தடவை வைங்க" என்றார். அக்கா வைத்தாள், டீச்சரும் சேர்ந்துகொண்டார். டீச்சர் கை உயர்ந்து ஒரு நொடி கழித்துத்தான் லாரி கை உயர்ந்தது. யாரும் கேலி செய்யவில்லை. நாளைக்கே காதில் வைக்கப் பஞ்சு வாங்கிவிடப் போவதாக லாரி தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

அக்கா ட்வீட்டரைத் திரும்ப மாட்டத் தொடங்கினாள். "டாக்டரைப் பாருங்க. அது வேற விஷயம். சனிக்கிழமைக்கு நான் ஒண்ணு சொல்லவா? ட்வீட்டர்தான் போயிருந்துச்சு, மாத்திட்டேன்னு உங்க கொழுந்தியாகிட்ட நானே சொல்லிடறேன். சத்தத்தைச் சரியா வெச்சுக் குடுத்துடறேன். யாருக்கும் தெரிய வேண்டாம்."

அவருக்கு அந்த யோசனை இனித்தது. இல்லையென்று சொன்னால் பொய். அப்போது டீச்சர் தொண்டையைச் செருமினார்.

"அண்ணே, ஒண்ணு சொல்லணும். உங்க கொழுந்தியா எனக்குப் போன் பண்ணினாங்க, புதன்கிழமை. சனிக்கிழமை ஃப்ரீயான்னு கேட்டாங்க. நான் இன்னும் பதில் சொல்லல."

அவர் டீச்சரைப் பார்த்தார். கோபம் வரும் என்று எதிர்பார்த்தார், வரவில்லை. ஆம்ப்பைப் பிளக்கில் செருகி, தன்னுடைய பேஸை மாட்டிக்கொண்டார்.

"நீங்க வைங்க டீச்சர்."

"எதை?"

"திருகை. எனக்கு எங்க வெச்சாலும் ஒண்ணுதான். உங்களுக்கு எது நல்லா இருக்கோ அங்க நிறுத்துங்க."

அவர் வாசித்தார். டீச்சர் ட்ரெபிள் திருகைப் பின்னால் கொண்டுபோனார். பாதியைத் தாண்டி, இன்னும் தாண்டி, கால் பங்கில் நிறுத்தினார். அந்த இடத்தில் காதுக்காரருக்குக் கேட்டது தலையணைக்கு அடியில் யாரோ குத்துகிற சத்தம். அதில் நோட்டு எங்கே தொடங்குகிறது என்றே தெரியவில்லை. விரலுக்கு மட்டும் தெரிந்தது. நிறுத்தாமல் வாசித்துக்கொண்டே மூன்று பேர் முகத்தையும் பார்த்தார். லாரியின் தலை தானாக ஆடிக்கொண்டிருந்தது.

"நல்லா இருக்கா?"

"ரொம்ப நாளைக்கப்புறம் நல்லா இருக்குண்ணே" என்றார் லாரி.

அக்கா மேஜையிலிருந்து சிவப்புப் பெயின்டை எடுத்து, திருகு நின்ற இடத்தில் ஒரு பொட்டு வைத்தாள். அவர் பேஸைக் கழற்றிச் சுவரில் சாய்த்துவிட்டுப் போனை எடுத்தார். வேண்டாம் என்று அக்கா கையை ஆட்டினாள். அவர் ஸ்பீக்கரில் போட்டுக் காதோடு சேர்த்து வைத்துக்கொண்டார்.

"சொல்லுங்க அத்தான். ஆம்ப் சரியாயிடுச்சா?"

"ஆம்ப்புக்கு ஒண்ணும் இல்லம்மா. என் காதுதான் போச்சு. மேல் சத்தம் எதுவும் கேக்கல. அதான் தெரியாமலே திருகை ஏத்திக்கிட்டே போயிருக்கேன். டீச்சர் இங்கதான் இருக்காங்க, நல்லா வாசிப்பாங்க. நீ அவங்களை வெச்சுக்கறதுன்னா வெச்சுக்கோ. எனக்கு வருத்தம் இல்லன்னு சொல்லமாட்டேன். வருத்தம்தான்."

அந்தப் பக்கம் வெகுநேரம் பேச்சில்லை. கேட்கவில்லையோ என்று அவர் போனைத் திருப்பிப் பார்த்தார்.

"என் பாட்டு?" என்றாள் அவள். "என் பாட்டு உங்களுக்குக் கேக்குதா?"

"மெட்டு கேக்குது. வார்த்தை பாதிதான் வருது. பழைய பாட்டெல்லாம் மனப்பாடம், அதனால தெரியல."

"புதுப் பாட்டு ஆறும்?"

 நாலு மாதமாக ஒவ்வொரு ஒத்திகையிலும் அவர் அவளுக்குப் பின்னால் நின்று தலையாட்டி, பிரமாதம் என்று சொல்லியிருந்தார்.

"அதுல நீ என்ன எழுதியிருக்கேன்னே எனக்குத் தெரியாதும்மா."

டீச்சர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுவது மற்றவர்களுக்குக் கேட்டது, அவருக்குக் கேட்கவில்லை. பிறகு அவள் குரல் வந்தது, சத்தமாக, ஒவ்வொரு சொல்லாக.

"எழுதி அனுப்பறேன். படிச்சுட்டு வாங்க. சனிக்கிழமை ஒன்பது மணி. திருகுல மட்டும் கை வைக்காதீங்க."

ஐந்து நிமிஷம் கழித்துப் போன் அதிர்ந்தது. பிறகு இன்னொரு தடவை, மொத்தம் ஆறு தடவை. அவர் ஸ்பீக்கர் பெட்டிமேல் உட்கார்ந்து முதல் பாட்டிலிருந்து படித்தார்.  மூன்றாவது பாட்டில் ரொம்ப நேரம் நின்றார்.

"என்னண்ணே எழுதியிருக்காங்க?" என்றார் லாரி, கொஞ்சம் உரக்க.

"அவங்க அம்மா போனதைப் பத்தி" என்றார் அவர். "இதைத்தான் நான் தகர டப்பா மாதிரி வாசிச்சிருக்கேன்."