வெள்ளிக்கிழமை அளவுகள்

வெள்ளிக்கிழமைகளில் மட்டும் எலிகள் பயந்தன.

குருபோங்கில் இருந்த ஆய்வுக்கூடத்தில் டாக்டர் தேவமலர் இதைச் சொன்னபோது, திருச்செல்வம் நாற்காலியில் சாயாமல் விறைப்பாக உட்கார்ந்திருந்தார். புலாவ் செபாங்கில் ஒரு தோட்டத்து ஆபீசில் முப்பது வருஷம் கணக்கு எழுதும் கிராணியாக இருந்தவர். இந்த ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கும் மகள் அகல்யா அளவுகளைப் பொய்யாக எழுதியிருக்கிறாள் என்று சந்தேகக் கடிதம் வந்ததும், அவள் தடுத்தும் கேளாமல் கூடவே வந்துவிட்டார். அன்றும் வெள்ளிக்கிழமை.

“உயிரோட இருக்கிற எலியோட மூளைக்குள்ள முடி மாதிரி ஒரு குழாய் வச்சிருக்கோம், அங்கிள். அதுல சொட்டுற தண்ணிய இருபது நிமிஷத்துக்கு ஒரு தடவை எடுத்து, நோரட்ரினலின் எவ்வளவுன்னு மெஷின்ல பார்ப்போம். எலி மிரண்டா ஏறும். மருந்தே குடுக்காத எலிக்கு நாலு வெள்ளிக்கிழமையா இரட்டிப்பா ஏறியிருக்கு. எப்படி?”

“எங்க குடும்பத்துல யாரும் பொய் எழுதினதில்லம்மா.”

“எலிக்கு உங்க குடும்பத்தத் தெரியாதுலா. சத்தம், புது ஆளு, வாசனை, இதுக்குத்தான் மிரளும். சென்ட்கூடப் போட மாட்டேன்னு அகல்யா கையெழுத்துப் போட்டிருக்கா.”

வாசனை என்றதும் அவர் திரும்பி, வாசலில் வேலைக் கோட்டோடு நின்ற மகளைப் பார்த்தார்.

எலி ரத்தம் பட்ட அந்தக் கோட்டை அகல்யா ஒரு மாதமாக வியாழக்கிழமைதோறும் வீட்டில் துவைத்துக் காயப்போடுவாள். சாமி இருக்கும் வீட்டில் அப்படி ஒரு துணியா என்று அவருக்கு அருவருப்பு. “கோட்டுக்குப் புகை காட்டாதீங்கப்பா, வேலை போயிடும்” என்று அவள் சொல்லியும், வெள்ளி விடியலில் அவள் குளிக்கப் போகும் நேரம் பார்த்து அதைச் சாம்பிராணிப் புகையில் பிடித்துவிட்டு மடித்து வைப்பார். வீடு முழுக்க அதே மணம் என்பதால் அவள் மூக்குக்குத் தெரியவில்லை. மறுநாளைக்குள் கோட்டில் மணம் போய்விடும்.

வாயை மூடிக்கொண்டால் தன் மானம் நிற்கும், மகள் பொய்க்காரியாவாள்.

“நான்தாம்மா” என்றார். எல்லாவற்றையும் சொன்னார். “அவளுக்குத் தெரியாது.”

வாசலில் நின்ற அகல்யாவின் முகம் வெளுத்தது.

“அப்பா மகளுக்காக என்ன வேணும்னாலும் சொல்லலாம்” என்றார் தேவமலர். “காலையிலேருந்து ஒரு எலி அமைதியா இருக்கு. அளவு நூறு. அந்தக் கோட்டோட நீ உள்ள போ, அகல்யா. ஏறலன்னா இன்னைக்கே கிளம்பிடு.”

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் திருச்செல்வம் நின்றார். தலையில் குழாயோடு வெள்ளை எலி தன் மீசையைத் துடைத்துக்கொண்டிருந்தது. அகல்யா குனிந்தாள். அது அசையவில்லையே! ‘பயப்படு, பயந்து தொலையேன்’ என்று உள்ளுக்குள் கெஞ்சினார். சட்டென்று எலி மூலையில் ஒடுங்கிக் கல்லாய் உறைந்தது. விலா மட்டும் படபடவென்று துடித்தது. தன் நெஞ்சும் அதே வேகத்தில் அடிப்பது அவருக்குக் கேட்டது.

இருபது நிமிஷம். அதற்கு மேல் மெஷினுக்குப் பத்து நிமிஷம்.

இருநூற்றுப் பதினொன்று.

“பொய் எழுதலை” என்று தேவமலர் கடிதத்தைக் கிழித்தார். “ஆனா நாலு வாரத்து வேலை வீண், அங்கிள். அந்த எலிங்களை இனி வச்சுக்க முடியாது. ஊசி போட்டுக் கொன்னுடணும்.”

“எத்தனை?”

அகல்யா கோட்டைக் கழற்றிக்கொண்டிருந்தாள். அப்பாவின் முகத்தைப் பார்க்கவில்லை.

“பன்னெண்டு” என்றாள். “ஊசி போடுற வேலையும் எனக்குத்தான்ப்பா.”