ஓசையில்லாத குளிர்

1

இந்தக் கதை கட்டுரையாகப் பிறந்திருக்க வேண்டியது. எங்கள் குவைத்தின் கட்டுமானப் பத்திரிகை ஒன்று, 'எண்ணெய் வளநாட்டில் பசுமைக் கட்டுமானத்தின் எதிர்காலம்' என்று தலைப்பும் கொடுத்து என்னிடம் கேட்டிருந்தது. நானும் உட்கார்ந்து, 'எதிர்காலம் பிரகாசமாக இருக்கிறது. ஏனெனில்' என்று எழுதினேன்.

[ஏனெனில் என்ன? அந்த வாக்கியம் இன்னும் அங்கேயே நிற்கிறது.]

எனக்குத் தெரிந்த எதிர்காலம் எங்கள் வீட்டிலேயே இருக்கிறது. பெயர் தாரி. என் கணவர், வீடு கட்டும் ஒப்பந்தக்காரர்.

2

ஆண்கள் கூடிப் பேசும் எங்கள் திவானியா அறையைத் தாரி இடித்துப் புதிதாகக் கட்டினார். தடித்த சுவர், கூரைக்குள் குளிர்ந்த நீர் ஓடும் குழாய்கள், மாடியில் சூரியத் தகடுகள். மின்செலவு குறைவு. சத்தம் துளிகூட இல்லை.

தாரியின் பெரியப்பா அபூ சனத் தம் மூன்று மகன்களுக்கும் வீடு கட்டப் போகிறார். அறை பிடித்தால் வேலை தாரிக்கு. பிடிக்காவிட்டால் தாரி பழையபடி வெயிலில் கொதிக்கும் கண்ணாடிப் பெட்டி வீடுகளைக் கட்டப் போக வேண்டியதுதான். இந்த மாதிரி கட்டச் சொல்லி வேறு யாரும் வரவில்லை.

பெரியப்பா வந்தார். உட்கார்ந்தார். தலைத்துணியின் நுனியால் விசிறிக்கொண்டார்.

"என்னடா, ஏசி ரிப்பேரா?"

"ஓடிக்கிட்டுதான் இருக்கு பெரியப்பா. இருபத்திரண்டு டிகிரி."

"டிகிரி கிடக்கட்டும். சத்தத்தையே காணோமே! விருந்தாளிய வேக வெச்சு அனுப்புறான்னு ஊரே சிரிக்கும்டா."

முதல் காபியிலேயே போதுமென்று கோப்பையை ஆட்டிவிட்டு எழுந்துவிட்டார். குவைத்தில் விருந்தாளி நடுங்கினால்தான் விருந்து.

(பெண்கள் அந்த அறைக்குள் போவதில்லை. நான் பக்கத்து அறையில், கதவோரம் நின்றிருந்தேன். குரல்கள் நான் கேட்டவை. விசிறியதும் கோப்பையை ஆட்டியதும் தாரி சொன்னவை.)

3

'தாரி கொள்கையில் உறுதியாக நின்றார்' என்று எழுதிப் பார்த்தேன். நல்ல வாக்கியம்தான், தாரிக்குத்தான் பொருந்தவில்லை. நடந்தது வேறு. பழைய ஏசி ஒன்றை வாங்கி, குளிரூட்டும் பாகங்களைக் கழற்றிவிட்டு, வெறும் காற்றாடியோடு திவானியா சுவரில் மாட்டினார். அது லாரி மாதிரி உறுமியது. பெரியப்பாவை மறுபடியும் அழைத்தார். அறை அதேதான், டிகிரியும் அதேதான்.

"ஆங்! இதுதாண்டா குளிரு! எலும்பு வரைக்கும் ஏறுது. என் மேலங்கிய எடு!"

மேலங்கிக்குள் சுருண்டுகொண்டு காபிக்கு மேல் காபி குடித்தாராம்.

"மூணு வீட்டையும் நீயே கட்டு. ஏசி மட்டும் இதே கம்பெனி போடணும், என்ன?"

கதவுக்குப் பின்னால் நான் முக்காட்டை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தேன்.

4

இதுவரை எழுதியதைத் தாரி படித்தார்.

"என்னை இவ்ளோ ஃபிராடாவா எழுதுவே?"

"நானா எழுதினேன்? இருக்கிறதைத்தான் வெச்சேன்."

"முடிவு?"

இரண்டு வைத்திருந்தேன். ஒன்றில், உண்மை தெரிந்த பெரியப்பா விழுந்து விழுந்து சிரிக்கிறார். இது என் ஆசை. அதனாலேயே எனக்கு அதில் சந்தேகம். இன்னொன்றில், மூன்று வீடுகளிலும் மூன்று வெற்றுப் பெட்டிகள் காலமெல்லாம் உறுமிக்கொண்டு

[இதை முடிக்கத் தாரி விடவில்லை.]

"அஸ்திவாரம் தோண்டறதுக்கு முன்னாடி அவர்கிட்ட சொல்லிடணும். நேர்ல சொல்ல எனக்கு வாய் வராது. இதை அப்படியே அச்சுக்குக் குடுத்துடு."

"பேரை மாத்திடட்டுமாங்க?"

"மாத்தினா அவருக்கு எப்படித் தெரியும்?"

வேலையே போய்விடலாம் என்று தெரிந்துதான் சொன்னார். எனக்கு இந்த மனிதரை மறுபடியும் புதிதாகப் பிடித்துப் போயிற்று.

5

பெரியப்பாவின் திவானியாவுக்கும் இந்தப் பத்திரிகை வருகிறது. யாராவது உரக்க வாசிக்க, அவர் கேட்பார். இன்று வாசிப்பவர் நீங்களாக இருக்கலாம். நான் அங்கே வர முடியாது. அதனால் முடிவு உங்கள் பொறுப்பு. அடுத்த வரியை நிறுத்தி, தெளிவாக வாசியுங்கள். பிறகு நிமிர்ந்து அவர் முகத்தைப் பாருங்கள்.

பெரியப்பா, அந்த ஏசிக்குள்ளே ஒன்றுமே இல்லை. அன்றைக்கு உங்களை நடுங்க வைத்தது தாரி கட்டிய அறைதான்.