வெர்னனின் வலது தோள்

1

இந்தக் கதை ஒரு தப்பிலிருந்து பிறந்தது. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது? முதல் வரைவில் இப்படி எழுதியிருந்தேன்:

கார் ஓட்டி வந்த வெர்னன் டல்லியின் வலது தோளிலிருந்து குறுக்காக, சீட் பெல்ட் அழுத்தி ரத்தம் கட்டிய தடம்.

எழுதிவிட்டுக் காபி குடிக்கும்போதுதான் உறைத்தது. அமெரிக்காவின் ஒஹையோவில் ஓட்டுபவர் உட்காருவது இடப்பக்கம். பெல்ட் விழுவது இடது தோளில். நானும் இங்கே வருடக்கணக்கில் கார் ஓட்டுகிறவன்தான். கை மட்டும் இன்னும் மதுரையிலேயே ஓட்டிக்கொண்டிருக்கிறது.

அடித்துத் திருத்தப் போனவன் நின்றுவிட்டேன். தப்பு என்னுடையதாக இல்லாமல் வெர்னனுடையதாக இருந்தால்?

2

மார்லீன் கோவாச், டொலிடோ நகரத்தில் விபத்து வழக்குகளாலேயே பிழைக்கும் வக்கீல். கட்சிக்காரர் அழுதால் கைக்குட்டை கொடுப்பாள். ஆனால் நம்பமாட்டாள், நேரில் போய்ப் பார்ப்பாள். (அவளுடைய அப்பாவும் ஒரு விபத்தில்தான்... வேண்டாம். அழவைக்க நான் செய்யும் பழைய தந்திரம் அது.)

வெர்னனின் வழக்கை எடுத்ததும் அவள் முதலில் ஓடியது, விபத்து நடந்த சந்திப்பின் ஓரத்துப் பெட்ரோல் பங்க்குக்கு. கேமராப் பதிவு அழிவதற்குள் வாங்கிவிட்டாள். ரொட்டிக் கம்பெனி வேன் சிவப்பு விளக்கைத் தாண்டி வந்து டல்லியின் காரை இடிப்பது பளிச்சென்று தெரிந்தது. காருக்குள் யார் இருந்தார்கள் என்பது மட்டும் வெயில் கூச்சத்தில் தெரியவில்லை. போகட்டும், வெர்னனின் முதுகுத்தண்டு அறுவைக்கு வேன்காரர்கள் பணம் கட்டியே ஆகவேண்டும். பழம் நழுவிப் பாலில் விழுந்த வழக்கு.

அதன்பிறகுதான் மருத்துவமனையில் எடுத்த படங்கள் வந்தன. தோளைப் பார்த்தாள். நேரே பழைய கார்கள் கிடக்கும் இடத்துக்குப் போய், நசுங்கிய காரில், நன்றாக முன்னால் இழுத்து வைத்திருந்த ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தாள். குள்ளமான அவளுக்கே முழங்கால் இடித்தது. வெர்னனோ பனைமரம்.

3

"கார் யாரு ஓட்டுனது, வெர்னன்?"

"நான்தான். போலீஸ்கிட்டயே சொல்லிட்டேனே."

"அப்போ பெல்ட்டு எப்படி வலது தோள்ல விழுந்துச்சு?"

வெர்னன் தன் வலது தோளைத் தடவிப் பார்த்தான். பிறகு கொட்டிவிட்டான். மனைவி இர்மாவுக்குப் போன வசந்தத்தில் ஒருமுறை வலிப்பு வந்தது. கார் ஓட்டக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அன்றைக்குக் கண் மருத்துவரிடம் சொட்டு மருந்து விட்டதில் இவனுக்குப் பார்வை மங்கிக் கிடந்தது. வீடு பக்கம்தானே என்று அவள் ஓட்டினாள். போலீஸ் வந்தபோது, முதுகு போய் ரோட்டில் கிடந்தபடியே, நான்தான் ஓட்டினேன் என்று இவன் முந்திக்கொண்டான்.

"அந்த ஒரு படத்த மட்டும் எடுத்துருங்க. வேன் சிவப்புல வந்தது பொய்யா? அவ ஓட்டுனான்னு தெரிஞ்சா, வலிப்பு வந்துதான் மோதுனான்னு அவ தலையில கட்டிருவாங்க. அவளும் அதையே நம்பிருவா."

"எதிர்க்கட்சி வக்கீலுக்கும் கண்ணு இருக்கு வெர்னன். அவன் கண்டுபிடிச்சா, நீங்க சொன்ன நிஜமும் பொய்யாயிரும். உங்க முதுகுக்குச் சல்லிக்காசு வராது."

4

முடிவு ஒன்று: மார்லீன் வழக்கைக் கைகழுவுகிறாள். சப்பென்று இருக்கிறது.

முடிவு இரண்டு: 'வலது' என்பதை நான் 'இடது' ஆக்கிவிடுகிறேன். வெர்னன்தான் ஓட்டினான், இர்மா வீட்டில் சூப் கிண்டிக்கொண்டிருந்தாள். ஒரே ஒரு சொல். வெர்னன் மார்லீனிடம் கேட்டதும் ஏறக்குறைய இதைத்தான். அவளால் முடியாது, என்னால் முடியும். எனக்கு வெர்னனைப் பிடித்துவிட்டது. நிஜமாகவே திருத்தத்தான் போனேன்.

5

அதற்குள் இர்மா மார்லீனின் அலுவலகத்துக்கு வந்துவிட்டாள். நான் கூப்பிடவில்லை. ஆகஸ்ட் வெக்கையில் கழுத்தைச் சுற்றி ஸ்கார்ஃப்.

"அவரு என்ன சொல்லியிருப்பாருன்னு தெரியும். பொய் சொன்னா அவருக்குக் காது செவந்துரும், கவனிச்சீங்களா?"

ஸ்கார்ஃபை அவிழ்த்து, சட்டைக் கழுத்தை விலக்கினாள். இடது தோளில் பட்டையாக ஒரு தடம், மஞ்சளாகி ஆறிக்கொண்டிருந்தது.

"எனக்கு அன்னிக்கு வலிப்பெல்லாம் வரல. வேன் வர்றதப் பாத்தேன். பிரேக்க மிதிச்சேன், பத்தல. யாருமே என்கிட்ட கேக்கல. அவருகூட."

மார்லீன் படம் எடுக்கக் கேமராவைக் கையில் எடுத்தாள். அதற்குமேல் நான் எழுதவில்லை.

இனி வெர்னனின் தோளை மாற்றினால், ஒரே காருக்கு இரண்டு ஓட்டுநர்கள் ஆகிவிடும். 'வலது' என்ற அந்தச் சொல் இன்னும் முதல் பகுதியில் அடிக்காமல்தான் கிடக்கிறது. பேனா உங்களிடம், திருத்துவதானால் திருத்திக்கொள்ளுங்கள். ஆனால் இர்மா ஸ்கார்ஃபை அவிழ்த்தபோது நீங்களும் அந்த அறையில் இருந்தீர்கள்.